எட்டரை கோட்டை விட்ட மழை

வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டிய மனிதர், மனைவியைத் தீவுக்குச் சுற்றுலா கூட்டிப்போக நாள் குறிக்கிறார். விடிகாலைப் படகு கரையை விட்டு நகர்ந்த கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டது பேய்மழை. இதைவிட நல்ல கேலிப்பொருள் ஒரு குடும்பத்துக்கு வாய்க்குமா? வாய்த்ததை அவர்கள் வீணாக்கவும் இல்லை.

அவரைத் தெருவில் எட்டரை என்பார்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியில் தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அளவுகோட்டுக்கு நேராகக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது அவருடைய வேலை. தன் கல்யாணத்தன்றுகூட எட்டரைக்கு மழையை அளந்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வேஷம் கட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் பேர் ஓய்வு பெறவில்லை. செய்தியில் என்ன சொன்னாலும் சரி, அக்கம்பக்கத்தில் வீட்டுக்குத் தளம் போடுகிறவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் சிமெண்டு மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பது அவர் பழக்கம். அப்படிப் பார்த்துக்கொண்டே போய் இரண்டு முறை சாக்கடையில் காலை விட்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் ஏமாந்தார் என்றால் விடுவார்களா? தீவில் இறங்கி விடுதி அறையில் பெட்டியை வைப்பதற்குள் செய்தியில் மழையைக் கேட்ட மச்சினனின் போன் வந்துவிட்டது.

"அத்தான், உங்களுக்கு எட்டரைன்னு பேர் வச்சதே தப்பு. ஏழரைன்னு வச்சிருக்கணும். எங்கக்காவ இப்படித் தண்ணியில ஊறப் போட்டுட்டீங்களே!"

"காத்து திசை மாறிடுச்சுப்பா," என்றார் எட்டரை.

"காத்து மாறல அத்தான், உங்க கணக்குதான் மாறிடுச்சு!"

பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கேளுடா தம்பி. வானம் பளிங்கு மாதிரி இருக்கும், சாயங்காலம் நட்சத்திரத்தை எண்ணலாம்னு கூட்டிட்டு வந்தாரு. இங்க எதிர்ல நிக்கிற மரமே தெரியல. இவர நம்பி ஊர்ல எத்தனை பேரு தளம் போட்டாங்களோ, அதெல்லாம் இன்னும் நிக்குதான்னு போய்ப் பாரு!"

எட்டரை ஈரச் செருப்பைக் கவிழ்த்துவைக்கும் சாக்கில் குனிந்துகொண்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் மனிதன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

உண்மை என்னவென்றால், எட்டரை கோட்டை விடவில்லை. அவர் தேடிப் பிடித்த மழை அது.

ஆறு மாதத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் புற்று என்றார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. இரண்டாவதாகக் கொடுத்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உடம்பில் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதனால் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை போட்டாயிற்று. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாள் முழுக்கத் தெருவோடு பேசிக்கொண்டிருந்தவள். மருத்துவர் ஒருநாள் அவரை மட்டும் நடைபாதைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: "எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சிருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க. தள்ளிப்போடாதீங்க."

எங்கே என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சமையலறைச் சுவரில் ஒரு பழைய நாட்காட்டி. தேதித் தாள்கள் எல்லாம் எப்போதோ கிழிந்துபோய், தீவுப் படம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்த இடம். மழைக்காலத்தில் வானிலைக்காரனுக்கு விடுப்பு கிடையாது. கோடையில் மகளுக்குப் பரீட்சை, பிறகு மகளுக்குக் கல்லூரி, பிறகு மகளுக்கு வெளியூரில் வேலை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே தலை நரைத்துவிட்டது.

பேச்சை எடுத்ததும் அவள் ஒரே போடாகப் போட்டாள். "அங்க எல்லாரும் கடல்ல குதிப்பாங்க. நான் முக்காடு போட்டுகிட்டு ரூமுக்குள்ள குந்தியிருக்கணும். நீங்க எனக்குக் காவல் இருப்பீங்க. பாக்கறவங்க எல்லாம் 'ஐயோ பாவம்'பாங்க. எதுக்கு? எனக்காகன்னு ஒண்ணும் பண்ணாதீங்க. ஆறு மாசமா எல்லாரும் எனக்காகத்தான் மூச்சே விடறீங்க, தாங்க முடியல."

அது நிஜம்தான். அவள் வாய் தெருவுக்கே தெரிந்த வாய். காலைக் காப்பிக்கு ஒன்று, மத்தியானச் சோற்றுக்கு ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று என்று மூன்று வேளையும் அவரோடு சண்டை போட்டே முப்பது வருடம் குடித்தனம் செய்தவள். நோய் வந்ததும் அவர் பூனையாகிவிட்டார். என்ன சொன்னாலும் சரி, சரி. மகள் போனில் சரி, சரி. "எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன், நான் செத்தா போயிட்டேன்?" என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டாள். அதற்கும் அவர் சரி என்றார்.

இரண்டு நாள் யோசித்தார் எட்டரை. மழை வருகிறது, ஒதுங்குங்கள் என்று ஊருக்குச் சொன்ன வித்தையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். பழைய சகாக்களிடம் காற்றழுத்தம் கேட்டார், மேகப் படங்களை வாங்கிப் பார்த்தார். அந்தத் தீவில் சூரியன் தலைகாட்டாத நாலு நாளைப் பொறுக்கியெடுத்தார். மழை மேகம் நன்றாகக் கவிந்திருந்தால் பகலில் வெளியே போகலாம் என்று மருத்துவரிடமும் உறுதி செய்துகொண்டார். பிறகு வீட்டில் வந்து, வானம் பளிங்கு மாதிரி இருக்கும், பகலில் அறையிலேயே இருந்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்று வாய் கூசாமல் புளுகினார். முப்பத்தொரு வருடப் பெயரை ஒரு பொய்யில் கரைத்தார். மழை என்று தெரிந்தே கூட்டிப்போனால் அது அவளுக்காகச் செய்ததாகிவிடுமே. அவர் ஏமாந்ததாக இருந்தால்தான் அவள் வருவாள்.

"சரி, உங்க ஆசைக்கு வர்றேன்," என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

விடுதி வராந்தாவில் எல்லாரும் சிறைப்பட்டுக் கிடந்தார்கள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத ஜோடி ஒன்று, கடலை முறைத்தபடி இருந்தது. மூன்று பிள்ளைகளைக் கூட்டிவந்த தகப்பன் ஒருவர், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போயிருந்தார். அத்தனை பேர் தலையிலும் ஈரத்துண்டு. அந்தக் கூட்டத்தில் அவள் தலையில் கட்டியிருந்த துணியை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. எட்டரை அதைக் கவனித்தார். நெஞ்சு நிறைந்தது.

இவர்தான் வானிலைக்காரர் என்ற சேதியை அவளே பரப்பினாள். அப்புறம் கேட்க வேண்டுமா? புதுமாப்பிள்ளை காலையில் அவரைப் பார்த்தாலே, "சார், இன்னிக்கு மழை வரும்னு மட்டும் சொல்லிடுங்க, வெயில் அடிச்சிடும்," என்பான். ஈரத்தில் சீட்டுக்கட்டு ஊறி, ஒரு சீட்டை இழுத்தால் மூன்று சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் அவர்தான் காரணம் என்றார்கள்.

ஒரு கண்டமும் தப்பியது. தேநீர் கொண்டுவந்த விடுதிக்காரி, "இந்த வாரத்துல இங்க நாய்கூட வெளிய வராது. ஆனா பாருங்க, போன வாரம் யாரோ ஒரு மனுசன் போன் பண்ணி, மழை கண்டிப்பா வருமா, நாலு நாளும் வருமான்னு ரெண்டு தரம் கேட்டாரு. லூசு போலிருக்கு," என்றாள். எட்டரைக்குத் தேநீர் புரையேறிவிட்டது. மனைவி அவர் தலையில் தட்டியபடி, "உலகத்துல எத்தனையோ லூசு," என்றாள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, வானம் கரி பிடித்த சட்டியாகக் கவிழ்ந்து கிடக்கையில், அவள் கடற்கரையில் இறங்கினாள். பகலில், வெளியே, செருப்பில்லாமல். ஆறு மாதத்துக்குப் பிறகு. எட்டரை குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். காற்று அதைப் பூவாக விரித்துக் கம்பியை முறித்தது.

"குடை பிடிக்கத் தெரியல, இவரெல்லாம் மழைய அளந்தாராம்!"

"நீ நில்லு முதல்ல. ஓடினா எப்படிப் பிடிக்கறது?"

"அட, வாய் தொறந்துடுச்சே!" என்று நின்று திரும்பினாள். "இன்னொண்ணு சொல்லுங்க பாப்போம்."

"கடலைக் காட்டறேன்னு சொன்னேன், காட்டிட்டேன்ல? வெயிலும் கேட்டா எங்க போவேன்?" என்று அவரும் கத்தினார். மழை இரைச்சலில் இருவரும் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள். அலை வந்து அவள் முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. முகமெல்லாம் மழை. வராந்தாவிலிருந்து பார்த்தவர்கள், யாரோ ஒரு அம்மாள் வீட்டுக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நோயாளி என்று ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் எட்டரை அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

மூன்றாம் நாளும் மழை காப்பாற்றியது. நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மேகம் கிழிந்தது. வெயில் சுள்ளென்று விழுந்தது. வராந்தாவில் ஒரே கூச்சல். பிள்ளைகள் கடலுக்கு ஓடின, புது ஜோடி கைகோத்துக்கொண்டு ஓடியது. எட்டரை அறைக்குள் ஓடினார். ஜன்னல் திரை மெல்லிசு, வெளிச்சம் தரை வரை நீண்டிருந்தது. போர்வையை உருவி, துணி கிளிப்பால் திரையோடு சேர்த்து மாட்ட ஆரம்பித்தார். கிளிப் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது.

"ஊரே சிரிக்குது. உங்க மூஞ்சி மட்டும் ஏன் தொங்குது?" என்றாள் கட்டிலிலிருந்து.

"இல்ல... கணிச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு..."

"இன்னிக்குத்தானே உங்க கணிப்பு தப்பு? மிச்ச மூணு நாளும் சரியாத்தானே இருந்துச்சு?"

கை அப்படியே நின்றது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"படகுலயே தெரியும். முதல் தூறல் விழுந்ததும் படகுல இருந்த எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. வானத்தப் பாத்துப் பாத்து சாக்கடையில விழுந்த மனுசன், நீங்க மட்டும் என்னைப் பாத்துகிட்டிருந்தீங்க. ஏமாந்தவங்க மேல பாப்பாங்கங்க. போதாததுக்கு அந்த லூசு போன் வேற."

"அப்புறம் எதுக்கு என்னை அந்தத் திட்டு திட்டின?"

"தெரியும்னு சொல்லிட்டா திட்ட முடியாதே." அவள் குரல் இறங்கியது. "ஆறு மாசமா யாரும் என்கூட சண்டை போடல. இந்த மூணு நாளுதான் நான் வீட்டுக்காரியா இருந்தேன்."

எட்டரை தரையில் உட்கார்ந்துவிட்டார். போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவள் இறங்கி வந்து, வெளிச்சம் எட்டாத பக்கமாக அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேப்பேன், செய்யணும். இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. தம்பிகிட்டயும், மககிட்டயும், நான் போனப்புறமும். சொன்னா இது சீக்காளிய ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போன கதை ஆயிடும். எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க. எட்டரை கோட்டை விட்ட கதையாவே இருக்கட்டும். என் பேச்சு வந்தா நாலு பேர் சிரிக்கணும்."

சரி என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தி, "என் மானம் போகுதேடி," என்றார்.

"போகட்டும், வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சீட்டுக்கட்டை எடுத்துப் பிரித்தாள். வெயில் தாழும் வரை போர்வை நிழலில் ஆடினார்கள். கடைசிப் படகில் ஊர் திரும்பினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, நல்ல கோடையில், அவள் போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "அக்கா போன்ல சொன்னாளே, எதிர்ல நிக்கிற மரமே தெரியலடா தம்பின்னு..." ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தளம் போட்ட கதையை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கூடமே சிரித்தது. அழுது வீங்கியிருந்த மகளும் சிரித்தாள். அந்த வீட்டில் எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு.

"ஏன் அத்தான், நிஜமாச் சொல்லுங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸு. எப்படி அப்படிக் கோட்டை விட்டீங்க?"

அவளுக்காகத்தாண்டா என்று எட்டரைக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"காத்து திசை மாறிடுச்சுப்பா," என்றார். மறுபடியும் சிரிப்பு. அவரும் கூடவே சிரித்தார்.

மகள் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள். "இன்னும் ஏம்ப்பா பகல்ல இவ்வளவு இருட்டு?" என்று ஜன்னலின் கனத்த திரையை இழுத்துத் தள்ளினாள். வெயில் உள்ளே வந்து, அம்மா எப்போதும் உட்காரும் நாற்காலியில் விழுந்தது.

"மூடு, மூடு!" என்று எட்டரை பதறியடித்து எழுந்தார். "அம்மா மேல படும்!"

மகள் திரையைப் பிடித்தபடியே நின்றாள். எட்டரை காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல உட்கார்ந்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். "திறந்தே இருக்கட்டும்."