முதல் இதழிலேயே பதில் வரும்

1

நான் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் ஏதும் கிடையாது. பாப்பாரப்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில், நூற்றுச் சொச்சம் பேர் முன்னால், மைக்கில் சொன்னது: "எழுந்து நின்னு கேளுங்கம்மா." இவ்வளவுதான். இதில் என்னய்யா தப்பு என்பீர்கள். எனக்கும் அப்போது தெரியவில்லை.

உண்மையில் அன்று சொன்ன வாக்கியங்கள் இரண்டு. இரண்டாவது இன்னும் மோசம். அதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

"தர்மபுரி மாவட்ட மக்களின் உடல்நலத்தில் ஒரு புதிய விடியலாக…" (அடச்சீ. இது நோட்டீசுக்காக நானே எழுதியது.)

"நதீமுக்கு முப்பத்திரண்டு வயது. அவனுடைய தோள்கள்…" (தோள்களை வர்ணித்து என்ன ஆகப்போகிறது?)

"அன்று மழை வரும்போல…" (வரவில்லை.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நதீம் பாப்பாரப்பட்டியில் ஜிம் நடத்துகிறான். 'திடம்' என்ற பெயரில் உடற்பயிற்சிக்கென்று ஒரு மாதப் பத்திரிகை கொண்டுவர ஆசைப்பட்டான். நான் தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எப்போதாவது கதை எழுதுவேன். "நீங்கதாங்ணா ஆசிரியர்" என்றான். ஐம்பத்து நான்கு வயதில் உங்களை ஒருவன் ஆசிரியர் என்றால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

யோசனை நல்ல யோசனை, இன்றைக்கும் சொல்வேன். பட்டணத்து ஜிம் படங்கள் கிடையாது. கரும்பு வெட்டுகிறவர் இடுப்பு பிடிக்காமல் குனிவது எப்படி, போலீஸ் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகள் என்ன சாப்பிடலாம், நாள் முழுக்கப் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள் தோளுக்கு என்ன செய்யலாம். எல்லாம் நம் ஊர் உடம்புகளுக்கு. இதை ஊராருக்கு விளக்கிச் சொல்லி, ஆதரவு கேட்கத்தான் அந்தக் கூட்டம்.

3

கடைசியில் கேள்வி நேரம் வைத்திருந்தோம். யாரும் வாயைத் திறக்காவிட்டால் மானம் போய்விடுமே என்று, நானே ஆறு கேள்விகளை எழுதி, தெரிந்தவர்கள் ஆறு பேரிடம் கொடுத்துவைத்தேன். பதில்களையும் நானே எழுதினேன்.* செல்போன் கடை வீரமணி பதற்றத்தில், நதீம் பேச்சை முடிக்கும் முன்பே எழுந்து, "பத்திரிகையில் சிறுதானிய சமையல் பகுதி இடம்பெறுமா?" என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். அது நான்காவது கேள்வி.

(* எதிர்பாராத கேள்வி வந்தால் சமாளிக்க ஏழாவதாக ஒரு பதிலும் தயாராக இருந்தது. "அருமையான கேள்வி. இதற்கு முதல் இதழிலேயே பதில் வரும்." எழுதியபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

4

என் ஆறு கேள்விகளும் தீர்ந்தபின், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கை மட்டும்தான் தெரிந்தது. நான் சொன்னேன்:

"எழுந்து நின்னு கேளுங்கம்மா."

"நின்னுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். [இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். நான்காம் முறை எழுதுகிறேன். சிரித்தேன்.]

முன்னால் இருந்தவர்கள் விலகினார்கள். அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். இடுப்புக்கு மேல் உடம்பு முன்பக்கமாக வளைந்து, ஒரு கை முழங்காலில் ஊன்றியிருந்தது. முகத்தைத் தூக்கி என்னைப் பார்க்கவே சிரமப்பட்டார். பெயர் ராமக்காள், வயது நாற்பத்தெட்டு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் பல்லில் காவி ஏறுவதும் எலும்பு இறுகிப்போவதும் எங்கள் பக்கம் புதிதல்ல. அந்தத் தண்ணீர் குடித்த பல்லைக் காட்டித்தான் நானும் சிரித்திருக்கிறேன்.

"எனக்காகக் கேக்கலைங்க," என்றார். "நான் இப்பிடியே ஆயிட்டேன். எம் புள்ளைக்குப் பதினாலு வயசு. முட்டி வலிக்குதுங்கறா. எந்தப் பயிற்சி செஞ்சா அவ என்னைய மாதிரி ஆவமாட்டா?"

நதீம் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பிறகு ஏழாவது பதிலைப் படித்தேன். நல்ல உச்சரிப்போடு, நிறுத்தி நிதானமாக. எல்லோரும் கைதட்டினார்கள். ராமக்காள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

5

இது கதைதானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவதாக எழுதிய படியில் அவரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மூன்றாம் படியில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மைக்கை வேறு யாரோ பிடித்தார்கள். நான்காம் படியில் அவர் முதுகை நிமிர்த்தியே விட்டேன். ஒரே வரிதான், சுலபமாக வந்தது. "ராமக்காள் நேராக நின்று கேட்டார்."

காலையில் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

6

முதல் இதழுக்காக அந்தப் பதிலை எழுத உண்மையிலேயே முயன்றோம். நதீமும் நானும் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு இறுகியது இறுகியதுதான். பெண்ணுக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள், பால், கீரை, ராகி கொடுங்கள், அழைத்து வந்து காட்டுங்கள். பயிற்சி? உடம்புக்கு நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரை மாற்றாமல் எந்தப் பயிற்சியும் இதைத் தடுக்காது.

படி இறங்கும்போது நதீம், "அப்ப நாம என்னத்துக்குங்ணா பத்திரிகை?" என்றான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போலீஸ் தேர்வுப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். "அந்தம்மா மொதோ பக்கத்துல தேடுவாங்ணா" என்றான். அதோடு சரி. 'திடம்' வரவில்லை.

நோட்டீசில் என் எண் இருந்தது. பதினேழு மாதமாக, ஒவ்வொரு முதல் தேதியும் ராமக்காள் கூப்பிடுகிறார்.

"சார், ஒடம்பு நல்லாருக்குங்களா?" எடுத்ததும் இதுதான். பிறகு, "புஸ்தகம் வந்துருச்சுங்களா?"

மருத்துவர் சொன்னதை முதல் மாதமே சொல்லிவிட்டேன். நான் அவ்வளவு பாவியில்லை. அவர் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில அப்பவே சொல்லிட்டாங்க சார். பாலும் கீரையும் எப்பிடியோ பாத்துக்கறேன். பைப்புத் தண்ணி வர்றன்னிக்கு அதத்தான் குடுக்கறேன், வராதன்னிக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க? பயிற்சின்னா யாரையும் கேக்க வேண்டாம், வூட்டுலயே செஞ்சுக்குவா. அதான் நீங்க வரும்னு சொன்னீங்களே."

வராது என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் தாமதமாகுதுங்கம்மா" என்றேன். பதினேழு மாதமும் அதையே சொன்னேன்.

7

[இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.]

போன வாரம் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முதல் தேதி இல்லை. குரலும் வேறு.

"சார், நான் எழிலரசி. ராமக்காள் பொண்ணு."

"சொல்லும்மா."

"அந்தப் புஸ்தகம் வராதுன்னு எனக்குத் தெரியும் சார். ஜிம் அண்ணன்கிட்டக் கேட்டுட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. மாசாமாசம் உங்களுக்குப் போன் போட்டுட்டு வந்து ரெண்டு நாளு நல்லா சாப்புடுது."

ஆசிரியன் அல்லவா, ஒரு கேள்வி கேட்டேன்.

"உனக்கு முட்டி எப்பிடிம்மா இருக்கு?"

"வலி போயிருச்சுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன் சார்."

நான் கேட்டது அது இல்லை. ஆனால் அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

8

முடிவுகள் மூன்று எழுதிவைத்தேன். ஒன்றில், நதீமும் நானும் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சடித்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். முதல் பக்கத்தில் முழங்காலுக்கான பயிற்சிகள், படங்களோடு. பதினேழு மாதம் சொன்ன பொய்யை அச்சிலும் ஏற்றுவதா என்று நிறுத்திவிட்டேன். இன்னொன்றில் தண்ணீர் வருகிறது, தினமும், நிற்காமல். அதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றாவதில் நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்கிறார். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை, அய்யா. அழுகை வந்துவிட்டது.

இன்று முதல் தேதி. மேசைமேல் போன் அடிக்கிறது.

இந்த முறை நீங்கள் எடுங்கள். முதலில் உங்கள் உடம்பைத்தான் விசாரிப்பார். நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த கேள்விக்கு நான் எதுவும் எழுதித் தரவில்லை.