நின்றிருந்த மாதங்கள்

கட்டப்போகும் காற்றாலைகள் மேல் இருபது வருஷக் காற்றையும் புயலையும் கணினியிலேயே வீசவிட்டு, எந்தப் பாகம் எப்போது சோர்ந்து விரிசல் விடும் என்று கணக்கிடுவதுதான் ஆர்ஹூஸ் நகரில் விபெகேவின் வேலை. பதினோரு வருஷத்தில் அவள் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

லெம்விக் ஊர்க் காற்றாலைகளைப் பராமரித்த தோர்கில் ஒரு மார்ச் மாதம் போன் செய்தார். ஓர் ஆலையில் இறக்கையைத் தாங்கும் போல்ட்டுகளில் ஆறு உடைந்திருந்தன. ஆலை நட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

“சுத்தும்போது ஒண்ணுமில்ல விபெகே. நிக்கும்போதுதான் இறக்கை பக்கவாட்டுல உதறுது. மேல நின்னு பாத்தேன்.”

“நிக்கிற காத்தாடிக்கு என்ன பாரம் வந்துடப்போகுது? நீங்கதான் சரியா முறுக்கியிருக்க மாட்டீங்க.”

“முப்பது வருஷமா முறுக்குறேன். உன் கம்ப்யூட்டர் எத்தனை முறுக்குச்சு?”

அவள் சிரித்தாள். அறிக்கையில் ‘முறுக்கியதில் குறை’ என்று எழுதினாள். அந்த ஒரு வரியைக் காட்டி நிறுவனம் தோர்கிலை வீட்டுக்கு அனுப்பியது.

இலையுதிர் காலத்தில் பக்கத்து ஆலையிலும் போல்ட்டுகள் உடைந்தன. அவற்றை முறுக்கியது வேறொருவர். விபெகே பழைய கணக்கைத் திறந்தாள். ஆலை வருஷத்துக்குப் பத்து நாள்தான் நின்றிருக்கும் என்று போட்டிருந்தாள். பதிவுகளைப் பார்த்தால், மின் இணைப்பு வராமல் முதல் குளிர்காலத்தில் நான்கு மாதம் சும்மா நின்றிருந்தது. அதைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். இருபது வருஷம் தாங்கவேண்டிய போல்ட் இரண்டாம் வருஷமே போனது.

புதிய அறிக்கையில் தன் தவறென்றே எழுதிக் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு லெம்விக் போனாள். தோர்கில் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அறிக்கையை நின்றபடியே படித்தார்.

“உங்களத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுறாங்க,” என்றாள்.

“எட்டு மாசமா இந்த ஊர்ல எனக்கு முறுக்கத் தெரியாதவன்னு பேரு. என் மச்சான்கூட சைக்கிள் நட்டைக் கையில குடுத்து, ‘இதையாவது முறுக்கு’ன்னு சிரிச்சான். இனிமே நான் மேல ஏற மாட்டேன்.”

“மன்னிச்சிடுங்க.”

“எத்தனை நாள் நின்னுச்சுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

தோர்கில் அறிக்கையை மடித்தார்.

“மத்த ஆலையிலயும் போல்ட்டு மாத்தியாச்சா?”

“எல்லாத்துலயும் மாத்தியாச்சு.”

“நல்லது,” என்றார். பள்ளி விடும் நேரமாகியிருந்தது. அறிக்கையை அவளிடமே கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.