விளக்கில் காய்ந்த பேடு

“அப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க சித்தப்பா” என்றேன்.

சித்தப்பா நிமிரவில்லை. கறுப்புக் காரின் பானட்டை ஒட்டிக் குனிந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறல் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. என் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. பின்பக்கத் தொட்டியில் பாலிஷ் பேடுகளை அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தேன். கை துடைக்க நின்றிருந்தால் வாய் அடங்கியிருக்கும்.

அம்மா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே பாடம் இதுதான். சித்தப்பாகிட்ட எதுவும் கேக்காத, குடுத்தா வாங்கிக்க, குடுக்கலன்னா பேசாம இரு. நான் கல்லூரிக்குப் போனது அவர் தயவில். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டியபோதுகூட, அவர் வந்து உட்காரும் நாற்காலிக்கு நேராக மாட்டச் சொன்னாள் அம்மா. வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவளை, “வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கப் போற, ஷெட்டுக்கு வா” என்று தன் கார் பாலிஷ் கடைக்குக் கூப்பிட்டதும் அவர்தான். போன் எடுக்க வேண்டும், வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், மிச்ச நேரத்தில் பேடு கழுவ வேண்டும். கார் பாலிஷ் மெஷினின் முகத்தில் மாட்டுகிற நுரைப்பஞ்சு வட்டுக்குத்தான் பேடு என்று பெயர்.

அப்பா அவருக்கு அண்ணன். ஷெட்டில் எல்லோருக்கும் அப்பா பாலிஷ்காரர்தான். சித்தப்பா மட்டும் அண்ணே என்பார், அதுவும் வேலை ஏவும்போது.

பேடு கழுவுவதில் ஒன்றுமில்லை. விஷயமெல்லாம் காய வைப்பதில்தான். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். முறுக்கினால் பஞ்சு கிழியும். பிறகு மெஷினில் மாட்டி, காலி டிரம்முக்குள் இறக்கி, மெதுவாகச் சுற்றவிட்டால் உள்ளே தங்கிய தண்ணீர் டிரம்மின் சுவரில் தெறித்துவிடும். அப்புறம் துண்டில் ஒற்றி, பஞ்சு கீழே பார்க்கிற மாதிரி கம்பி வலையில் வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும். மல்லாக்க வைத்தால் ஈரம் பசைக்குள் இறங்கும். பஞ்சையும் அதன் முதுகிலுள்ள ஒட்டுப்பட்டையையும் பிடித்து வைத்திருப்பது அந்த மெல்லிய பசைதான். அதற்குச் சூடு ஆகவே ஆகாது. அவசரமென்றால் இன்னொரு மின்விசிறி போடலாம், அவ்வளவுதான்.

போன வாரம் அவசரம் வந்தது. இதே கறுப்புக் கார். பேடுகளை அப்போதுதான் பிழிந்து வலையில் வைத்திருந்தேன். சித்தப்பா மகன் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, கெமிஸ்ட்ரி படிச்சவதான நீ. சட்டுனு காய ஏதாவது ஃபார்முலா சொல்லேன்.”

“காத்துதான் ஃபார்முலா. பொறு.”

“கஸ்டமர் கிளம்பிட்டாராம். நீ வேணா நிதானமா காத்து வாங்கு.”

முன்பக்கம் போன் அடித்தது, போய்விட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும், கீறல் பார்க்க வைத்திருக்கும் ஹாலோஜன் விளக்கைப் படுக்கப்போட்டு, அதன் கம்பிக் கூட்டின்மேல் பேடை வைத்திருக்கிறான், அடுப்பில் வைப்பது போல. மேலுக்குக் காய்ந்திருக்கும். எடுத்துக்கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்துவிட்டான்.

நான் கேட்டது சத்தம் மட்டும்தான். சீராக ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒரு கணம் குரல் மாறிக் கத்தியது. ஓடிவந்து பார்த்தால் பஞ்சு தனியாகத் தரையில் உருள்கிறது. பானட்டில் பிறை வடிவில் ஒரு வெட்டு, பெயின்டைத் தாண்டி உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. வெறும் பிளாஸ்டிக் தட்டோடு சுற்றி ஓய்ந்த மெஷினைப் பிடித்தபடி அப்பா நிற்கிறார். வாசலில் கார்க்காரர்.

சித்தப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வயசாயிடுச்சு சார். கொஞ்ச நாளாவே கை நடுங்குது. சொந்த அண்ணனாச்சேன்னு வெச்சிருந்தேன். இனிமே இவர் கையில மெஷின் குடுக்க மாட்டேன், பானட்டை நான் புதுசா பண்ணித் தர்றேன்.”

அப்பாவின் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அவர் வாசலில் கால்மிதி கழுவினார். மகன் மெஷின் பிடித்தான். கார்க்காரருக்குத் தெரிந்தவர்கள் அதிகம் போலிருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் அப்பா எதிர்த்தெரு ஷெட்டில் வேலை கேட்கப் போயிருக்கிறார். “கை நடுங்குதாமே, பாவம்” என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். நேற்றிரவு சாப்பிடும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குடித்துவிட்டு, வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொய் சாட்சி சொன்ன ஆளைப் பார்ப்பது போல.

இன்று காலை குப்பை டிரம்மைக் கவிழ்க்கும்போது அந்தப் பேடு கிடைத்தது. பஞ்சின் முகத்தில் விளக்குக் கூட்டின் கம்பிகள் கட்டம் கட்டமாகப் பழுப்பாக விழுந்திருந்தன. முதுகில் பசை உருகி, நூல் நூலாக இழுத்து உறைந்திருந்தது.

அதைத்தான் இப்போது சித்தப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“என்ன இது?” என்றார்.

“உங்க பையன் விளக்குல காய வெச்ச பேடு. அப்பா கை இல்ல, இதுதான் காரணம். கஸ்டமருக்கு முன்னாடி சொன்னீங்கல்ல, இன்னைக்கு சாயங்காலம் அவர் வண்டி எடுக்க வரும்போது அதே இடத்துல நின்னு மாத்திச் சொல்லுங்க. அப்பாகிட்ட மன்னிப்பும் கேளுங்க.”

அவர் பேடைத் தொடவில்லை. பானட்டில் தன் விரல்பட்ட இடத்தைத் துணியால் துடைத்தார்.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். எரிஞ்ச வாசம் எனக்கு வராதா? இருபது வருசமா இதுலதான கெடக்கேன்.” குரலை உயர்த்தவே இல்லை. “இங்க பாரு. அவனைச் சொல்லியிருந்தா அவன் ரோஷத்துல கிளம்பிப் போயிடுவான். நாளைக்கு இந்த ஷெட்டு அவனுக்குத்தான். அண்ணன் எங்க போவாரு? போகமாட்டாரு. அதான் அவரைச் சொன்னேன். குடும்பம்னா யாராவது ஒருத்தர் தாங்கணும்.”

எங்கே போவார். போகிற வாசலையெல்லாம் அடைத்துவிட்டு எங்கே போவார் என்று கேட்கிறார்.

“தாங்குறது எப்பவும் ஒரே ஆளா சித்தப்பா?”

“வாய் நீளுது. உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?”

“ஆமா. இதுக்குத்தான்.”

முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மகன் போனை மெல்லத் தாழ்த்திக்கொண்டு, பாலிஷ் டப்பாக்கள் அடுக்கிய அலமாரிப் பக்கம் ஒதுங்கினான். வாசலில் தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டது. அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். திரும்பி அவரிடம் கேட்டேன், “அப்பா, உங்களுக்குத் தெரியுமா?”

குழாயைப் பிடித்தபடியே, தரையைப் பார்த்துச் சொன்னார். “மாட்டும்போதே சூடா இருந்துச்சும்மா. புள்ள ஆசையா கொண்டுவந்து குடுத்தான். கஸ்டமர் வேற வந்துட்டாரு. விடு.”

மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அப்பாமேல்தான் அந்த நேரத்தில் எனக்கு அதிகம் ஆத்திரம் வந்தது. தெரிந்துகொண்டேதான் டம்ளரை இரண்டு கையால் பிடித்தாரா? இல்லை, தெரிந்ததையே மறந்துவிடும் அளவுக்கு நம்ப ஆரம்பித்துவிட்டாரா? எது மோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

“கேட்டியா, அவரே விடுன்னுட்டாரு” என்றார் சித்தப்பா. “சாயங்காலத்துக்குள்ள ஃபினிஷிங் முடியணும். போய் அந்தப் பேடை எல்லாம் சீக்கிரம் காய வை.”

போனேன். சீக்கிரமாகவும் சரியாகவும் செய்தேன். ஒவ்வொன்றாக அழுத்திப் பிழிந்து, டிரம்முக்குள் சுற்றவிட்டு, துண்டில் ஒற்றி, பஞ்சு கீழே பார்க்க வலையில் அடுக்கி, இரண்டு மின்விசிறிகளையும் திருப்பிவிட்டேன். ஹாலோஜன் விளக்கின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். வேலையில் குறை வைத்துவிட்டுப் போனாள் என்று யாரும் சொல்லக்கூடாது. பிறகு கையைத் துடைத்து, கட்டம் விழுந்த பேடைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சித்தப்பா பார்த்துவிட்டார். “அதை எங்க எடுத்துட்டுப் போற?”

“கார்க்காரர் ஆபீசுக்கு. போன் எடுக்குற வேலை என்னோடதுதான. காலையிலயே கூப்பிட்டுட்டேன். வரச் சொல்லியிருக்காரு.”

“இந்த வாசலைத் தாண்டினா உங்கப்பனுக்கும் இங்க வேலை இல்ல. யோசிச்சுக்க.”

யோசித்தாயிற்று. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். போயிருப்பேன். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன் என்று அம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் கால்மிதிகள் வரிசையாகக் கிடந்தன. அப்பா குறுக்கே நின்றிருந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் செருப்பைப் பார்த்தார். நான் போகும் வழியில் ஈரம் படாதபடி குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். இன்னும் அப்படியேதான் பிடித்திருந்தார், வலது கையால், ஒரே கையால். தண்ணீர் கோடு போட்ட மாதிரி நேராகப் போய்ச் சுவரில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது.