பொன்னாடைக்கு எட்டாத தணிகாசலம்

புதுச்சேரி வாழ் பெருமக்களுக்கும் உலகெங்கும் பரவிக் கிடக்கும் கூடைப்பந்து ரசிகர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முத்தியால்பேட்டை கூடைப்பந்துக் கழகத்தின் நட்சத்திர வீரர் தணிகாசலம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெல்லித்தோப்புக்கு எதிரான ஆட்டத்தில் எம்பிக் குதித்தவர், செவ்வாய்க்கிழமை காலை பால் வண்டி வரும் நேரத்துக்குத் தரையிறங்கினார். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்து, தோற்று, எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குளித்தாகிவிட்டது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. இருபது வயதில் அவர் குதித்தால் மற்றவர்களைவிட ஒரு மூச்சு கூடுதலாக மேலே நிற்பார். அதைப் பார்க்கப் பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கூடையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்தி மாலா. அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டு, அந்தச் சுளுக்கோடே அவரைக் கட்டிக்கொண்டாள். முப்பதில் அவர் மேலே போனால் ரெஃப்ரி வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். நாற்பதைத் தாண்டியதும் விவகாரம் மணிக்கணக்கில் போயிற்று. மற்ற ஆட்டக்காரர்களுக்கு வயதானால் ஏற முடியாது, இவருக்கு இறங்க முடியவில்லை, அவ்வளவுதான். தரையில் முட்டி வலித்தது, மேலே வலிக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வரும்போது பாத்து வாங்க" என்று ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார்.

சிக்கல் எதுவென்றால், அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் போனால் மைதானமும் போகும். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் போர்டு தொங்கியது. தெருவில் குதிக்கலாமென்றால் கேபிள் டிவி ஒயர். வீட்டில் ஒருமுறை குதித்து, ஃபேனோடு ஒரு பகல் முழுக்கச் சுற்றியதிலிருந்து மாலா தடை போட்டிருந்தாள். முத்தியால்பேட்டையில் தலைக்கு மேலே ஒன்றுமில்லாத இடம் அந்த ஒரு மைதானம்தான். முட்டி வலிக்காத இடமும் அதற்கு மேலேதான் இருந்தது.

ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று முடிவெடுக்கக் கமிட்டி கூடியது. தலைவர் புருஷோத்தமன் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து ஆண்டு உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தவர். தன் நெஞ்சில் குத்தியிருக்கும் மெடலைப் பற்றி யாராவது கேட்டால், எந்தப் போர் என்பதை மட்டும் சொல்லமாட்டார். "அலோர்..." என்று பிரெஞ்சில் தொண்டையைச் செருமினார். "முசியே தணிகாசலம் நம்ம கழகத்தோட விளக்கு. விளக்குன்னா ஒரு நேரத்துல அணைச்சிட்டுத்தான் படுக்கணும்." செயலாளர் விக்ரம் லேப்டாப்பைத் திறந்து கலர் கலராக வட்டங்களைக் காட்டினான். "அவரு மேல இருக்கறப்ப நாம நாலு பேரோட ஆடுறோம் சார்."

கோச் கொளஞ்சி எகிறினார். இருபது வருடம் தணிகாசலத்துக்குப் பந்தைக் கொடுத்த கை அவருடையது. "அட போய்யா! இவன் எப்ப எறங்குவான்னு எதிராளி ரெண்டு பேரு கீழயே காவ காக்குறான். நாலுக்கு மூணு. லாபம் நமக்குத்தான்."

"அது போன வருஷம்ண்ணே. இப்ப எவனும் அண்ணாந்து பாக்கறதில்ல" என்றான் விக்ரம்.

அன்று பேசப்பட்டவற்றில் அந்த ஒன்றுதான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த தணிகாசலத்தைக் குத்தியது.

நீட்டிப்பு இல்லை என்று தீர்மானமாயிற்று. ஆனால் அந்தக் கழகத்தில் தீர்மானம் மட்டும் போதாது. மேடையில் வைத்துத் தலைவர் கையால் பொன்னாடை போர்த்தினால்தான் ஒருவர் விலகியதாகக் கணக்கு. முன்னாள் பொருளாளர் ஒருவருக்குப் போர்த்த மறந்துவிட்டார்கள். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகியும் இன்றைக்கும் அவர்தான் பொருளாளர். ஒவ்வொரு கூட்டத்திலும், வர இயலாமைக்கு அவர் வருத்தம் தெரிவித்ததாகப் பதிவாகிறது.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மைதானத்திலேயே பிரிவுபசார விழா. புருஷோத்தமன் ஒரு மணி நேரம் பேசினார்; அதில் தணிகாசலத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் இருந்தது. பிறகு பொன்னாடையை விரித்தார். விரித்த கையோடு அவருக்கு ஃப்ளெக்ஸ் பேனர் நினைவு வந்துவிட்டது. மேலே நட்சத்திரம், கீழே தான் கம்பீரமாக நிற்பதுபோல் ஒரு படம் வேண்டும்.

"முசியே, போட்டோவுக்கு ஒரே ஒரு ஜம்ப். பொன்னாடைய அப்புறமா போத்திக்கலாம்."

"வேணாம் சார், முட்டி..." என்றார் தணிகாசலம்.

"ஒரே ஒண்ணு!"

தணிகாசலம் குதித்தார். படம் அருமையாக வந்தது. அவர் வரவில்லை.

முதலில் கை தட்டினார்கள். பிறகு பிரியாணி சாப்பிட்டார்கள். மாலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "யோவ், எறங்கித் தொலைய்யா, வூட்ட பூட்டிட்டு வந்திருக்கன்!" என்று கத்தினாள். மேலே அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த முகம்; எங்கேயும் வலிக்காத முகம். அப்புறம் கீழே பொன்னாடையோடு நின்ற தலைவரைப் பார்த்தாள். குரல் மாறியது. "அவசரமில்ல. அங்கியே இரு. இவனுங்க துணியும் கையுமா நிக்கிறானுங்க."

ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்களிடம் ஏணி வாங்கினார்கள். போர்த்துகிற உரிமை தனக்கு மட்டுமே என்று புருஷோத்தமன் பொன்னாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் கீழே பார்த்தார். ஏணியைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் அம்மாவைக் கூப்பிட்டார். விக்ரம் அவரை ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து தணிகாசலத்துக்குத் தலைவரின் வழுக்கையும், அதை மறைக்கச் சீவியிருந்த முடியும் நன்றாகத் தெரிந்தன. சிரிப்பை அடக்கியதில் இன்னும் ஒரு அடி மேலே போனார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கொளஞ்சி இட்லிப் பொட்டலத்தை மேலே பாஸ் செய்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. சட்னி மட்டும் தலைவர் சட்டையில் விழுந்தது. வேண்டுமென்றே போட்டதாக யாரும் சொல்லவில்லை. ஊர் மறுபடி வந்து அண்ணாந்து பார்த்தது, நெல்லித்தோப்புக்காரர்கள் உட்பட. செவ்வாய் சாயங்காலம் மாதம் முடிந்தது. பொன்னாடை விழவில்லை, ஆகவே வீரர் விலகவில்லை, ஆகவே ஒப்பந்தம் நிற்கிறது என்று கமிட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டு நீட்டிப்பு என்று விக்ரம் மைக்கில் வாசித்தான்.

தணிகாசலம் அதன் பிறகும் அவசரப்படவில்லை. புதன்கிழமை காலை, வழக்கம்போல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். தரை பட்டதும் முகம் சுளித்தார். மாலா தைலத்தைத் திறந்தாள்.

"வலிக்குதா?"

"ம்."

"ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்கில்ல, அது வரைக்கும் பொறுத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை குதித்தார், வியாழக்கிழமை வந்தார். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நீட்டித்த இரண்டு ஆண்டுகளில் அவர் மொத்தம் ஆறு பாயிண்ட் எடுத்தார். அதில் நான்கு எதிரணிக்கு.