‘கை நடுங்குது’ என்ற பொத்தான்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு பதில் கடிதத்திலிருந்து வந்தது. சிகரெட்டை விட முயல்கிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் நானும் உறுப்பினன். சிகரெட்டைத் தொடாமல் இன்று நூற்றுப் பன்னிரண்டாம் நாள். அங்கே கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. அதை நடத்துகிறவருக்கு, பள்ளியில் கற்றுத் தந்தபடி தேதி, பொருள், விளித்தல் எல்லாம் முறையாகப் போட்டு எழுதினேன்: ‘ஐயா, தாங்கள் எப்படிப் பிழைக்கிறீர்கள்?’

பதில் இரண்டே வரி. ‘நாங்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.’

சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

2.

முதல் தொடக்கம்: ‘கோடிக்கணக்கானோர் கூடும் சமூக வலைத்தளங்களின் வருமான வழி யாதெனில்...’ (கட்டுரைப் போட்டி வாடை. அடித்துவிட்டேன்.)

அடுத்தது: ‘பேராசை பிடித்த முதலாளி ஒருவன்...’ (அந்த இரண்டு வரியை அனுப்பியவர் பேராசைக்காரராக இருக்க முடியாது. அவரைத் தளக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கூட வேலை பார்ப்பது அவருடைய அண்ணி.)

3.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை. எதிரெதிரே இரண்டு மேசைகள். சுவரில் ஒரு மணி. உறுப்பினர் யாருக்காவது புகைக்கத் தோன்றினால் ‘கை நடுங்குது’ என்ற பொத்தானை அழுத்துவார். அறையில் மணி அடிக்கும். அந்நேரம் தளத்தில் இருக்கும் யாராவது அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் யாரும் எழுதாவிட்டால் அண்ணி எழுதுவாள். அவள் வேலையே அதுதான்.

(பொத்தானை நான் பதினேழு முறை அழுத்தியிருக்கிறேன். மணி மட்டும் என் கற்பனை.)

“அண்ணி, ஒரு கம்பெனி விளம்பரம் தர ஒத்துக்கிச்சு. ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல.”

“என்ன கம்பெனி?”

“மின்சார சிகரெட்டு.”

“நல்லா இருக்கு தம்பி! பத்தியக்காரன் மூக்குக்கிட்ட வாணலிய நீட்டின மாதிரி.”

“முழுசாக் கேளுங்க. பக்கம் பூரா போட மாட்டாங்க. பொத்தானை அழுத்தினதும் வர்ற அந்த ஒரு நிமிஷம் போதுமாம்.”

“அந்த நிமிஷத்துக்காகத்தானே நாம உக்காந்திருக்கோம்?”

“விக்கறதுக்கு நம்மகிட்ட வேற என்ன இருக்கு, சொல்லுங்க? சந்தா கேட்டுப் பாத்தோமே.”

பார்த்தார்கள். ‘மாதச் சந்தா தருவீர்களா?’ என்று கேட்டதற்கு நாலாயிரம் பேர் ‘கண்டிப்பாக’ என்றார்கள். (நானும்.) கட்டியவர்கள் ஆறு பேர். (நான் இல்லை.) அதோடு, சிகரெட்டை முழுசாக விட்டவர் தளத்தையும் விட்டுவிடுகிறார். வேலையை ஒழுங்காகச் செய்தால் வாடிக்கையாளர் கிளம்பிப் போய்விடுகிற வியாபாரம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சர்வர் வாடகை கட்டலேன்னா மூட வேண்டியதுதான் அண்ணி. அப்புறம் அவங்க எந்தப் பொத்தானை அழுத்துவாங்க?”

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன்.

4.

தளக்காரர் ஒப்பந்தத் தாளை விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

அண்ணி திரும்பித் திரையைப் பார்த்தாள். அழுத்தியவரின் புனைபெயருக்குக் கீழே ‘விட்டு ஆறு வருடம், நாலு நாள்’ என்றிருந்தது. அத்தனை பழைய கணக்கு தளத்தில் ஒன்றே ஒன்றுதான். தளம் தொடங்கிய அன்று திறந்த முதல் கணக்கு. நிமிர்ந்தாள். எதிர் மேசையில் ஒரு தலை குனிந்திருந்தது. ஒரு கையில் பேனா. இன்னொரு கை மவுஸ் மேல்.

“தம்பி” என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். நிமிடம் முடியும்வரை காத்திராமல் விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். அவள் எழுதியது: ‘

(மேற்கோள் குறியைத் திறந்துவிட்டேன். மூடத் தெரியவில்லை.)

5.

முடிவுகள்.

அ. அவர் தாளைக் கிழிக்கிறார். நாம் கைதட்டுகிறோம். வெள்ளிக்கிழமை தளம் மூடுகிறது.

ஆ. கையெழுத்துப் போடுகிறார். தளம் பிழைக்கிறது. அடுத்த முறை நான் பொத்தானை அழுத்தும்போது, மனிதர் யாரும் ஒரு வரி எழுதுமுன் ஊதா நிறத்தில் ஒரு மின்சார சிகரெட் வந்து நிற்கிறது.

இ. ‘கண்டிப்பாக’ என்று சொன்ன நாலாயிரம் பேரும்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

அந்த இரண்டு வரிக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. தேதி எழுதியாகிவிட்டது, பொருளும் எழுதியாகிவிட்டது. ‘ஐயா’வுக்குக் கீழே காகிதம் வெள்ளையாகக் கிடக்கிறது. மேலே அண்ணியின் மேற்கோள் குறியும் திறந்தபடியே இருக்கிறது.

மணி அடித்து நாற்பது வினாடி ஆகிறது; ஒரு வரி எழுத இன்னும் இருபது இருக்கிறது. தளத்தில் இப்போது நீங்களும் இருக்கிறீர்கள்.