ஸ்கீவவில் நாப்பாவின் வெயில்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் றோசலின் வீட்டுப் பின்வளவுக்கு மட்டும் கலிபோர்னியாவின் காலநிலை. ஊரெல்லாம் பனி கொட்டும் மாசியில் அங்கே புல் பச்சையாக நிற்கும். கோடையில் விடியற்கால மூடுபனி வேலியோடு நின்றுவிட, மதியம் சுள்ளென்று வெயில் அடிக்கும். மகள் நிலுஷா கொண்டுவந்து நட்ட திராட்சைக் கொடியோடு வந்தது அது. அவள் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் வைன் செய்யும் பழைய தோட்டமொன்றில் வேலைக்குப் போனவள். இத்தாலியிலிருந்து வந்த குடும்பமொன்று நூறு வருடங்களுக்கும் முன்னர் வைத்த தோட்டம். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் மற்றவர்கள் கொடிகளைப் பிடுங்கி எறிந்தபோது, தேவாலயப் பூசைக்கு வைன் வடித்துக் கொடுத்தே அவர்கள் அவற்றைக் காப்பாற்றினார்கள். நிலுஷா கொண்டுவந்தது அந்தக் கொடிகளில் ஒன்றின் தடி; மற்றத் தடிகள் இன்று சிலியிலும் அவுஸ்திரேலியாவிலும் காய்க்கின்றன. அங்கெல்லாம் கொடி மட்டும்தான் போனது, காலநிலை கூடப் போகவில்லை. மட்டக்களப்புக் கத்தோலிக்கரான றோசலினுக்குப் பூசை வைன் கதை பிடித்துப்போனது. காலநிலையைப் பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை. உடுப்பு கெதியாகக் காய்ந்தது.

கொரோனா வந்த வருடம் புரட்டாதியில், காயப்போட்ட வெள்ளைத் துணிகளில் சாம்பல் விழுந்தது, பின்வளவைப் புகை மூடியது. சுற்றுவட்டாரத்தில் எதுவும் எரியவில்லை. திராட்சை இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கின. நிலுஷாவின் தொலைபேசியில் மணி போனது, அவள் எடுக்கவில்லை. டேனிஷ் செய்தியில் நாப்பா மலைகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே பறந்து போகவும் வழியில்லை. கணவர் ஸ்ரனிஸ்லாஸ் குசினிக்குள்ளிருந்து வந்து கேட்டார்.

“இப்ப என்னப்பா செய்யிறது?”

“தண்ணிக் குழாயைத் திறவுங்கோ,” என்றார் றோசலின்.

கொடியின் அடியில் தண்ணீர் விடத் தொடங்கினார். பக்கத்து வீட்டு பிர்கிட் எதுவும் கேட்காமல் தன் குழாயையும் வேலிக்கு மேலால் நீட்டினார். விடிய விடிய விட்டதெல்லாம் துளி தேங்காமல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் செபமாலை சொன்னார். மறுநாள் மத்தியானம் புகை விலகியது. சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது.

நிலுஷா டேனிஷில் தொடங்கி, அழுகை வந்ததும் தமிழுக்கு மாறினாள். “அம்மா, றோட்டெல்லாம் அடைச்சுப் போட்டாங்கள், தோட்டத்துக்குள்ளயே நிண்டனாங்கள். நெருப்பு பழைய திராட்சைக் கொடி வரைக்கும் வந்து நிண்டிட்டுது. நிலமெல்லாம் ஈரம். மழை பெய்யவேயில்லை.”

“சாப்பிட்டியா பிள்ளை?” என்றார் றோசலின். அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தார். ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

மார்கழியில் தண்ணீர்ச் சேவை அலுவலர் ஒருவர் வந்து, இவ்வளவு தண்ணீரும் எங்கே போனது என்று விசாரித்தார். கலிபோர்னியாவுக்கு என்றார் றோசலின். அலுவலர் வளவைச் சுற்றிப் பார்த்து, குழாயில் உடைப்பு எதுவுமில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கோப்பி குடித்தார். இனி வெளிநாட்டுக்கு விடுவதானால் முன்கூட்டியே அறிவிக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.