அறுப்பின் பண்டிகையில் என் சாட்சி

பன்னிரண்டு நாளாக நான் மாத்திரை போடவில்லை. என் கணவர் யாக்கோவுக்குத் தெரியாது, போதகருக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும். அதுதான் ஆறுதல், பயமும் அதுதான்.

போன குளிர்காலத்தில் மூன்று மாதம் நான் படுக்கையை விட்டு எழவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை. தலை வாரக்கூட மனம் வரவில்லை, அவ்வளவுதான். கரகண்டா சுரங்க நகரத்தில் உள்ள எங்கள் சபை எனக்காக முறை வைத்து உபவாசம் இருந்தது. சகோதரிகள் சூப் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மனசுல ஏதாச்சும் பாவத்தை மறைச்சு வச்சிருக்கியா எர்னா? இருந்தா சொல்லிடு" என்றாள். எனக்குத் தெம்பு இருந்திருந்தால் சூப்பை அவள் மடியிலேயே கவிழ்த்திருப்பேன்.

கடைசியில் யாக்கோவ்தான் என்னைக் கைத்தாங்கலாக டாக்டர் சௌலேயிடம் அழைத்துப் போனார். மாத்திரை ஆரம்பித்த ஆறாவது வாரம் நானே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். மே மாதம் உருளைக்கிழங்கு நட்டேன். சபை பார்த்தது உருளைக்கிழங்கைத்தான். மாத்திரை சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போதகர் வில்லி வந்தார். "இந்த வருஷம் மேடையில நன்றி சாட்சி சொல்றது நீங்கதான் எர்னா. நாங்க ஜெபிச்சோம், கர்த்தர் தூக்கிவிட்டார். சபை அதைக் கேக்கணும்" என்றார். நல்ல மனுஷன். முகம் முழுக்கச் சந்தோஷம். சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த ஞாயிறே மேடையில் அறிவித்தும் விட்டார்.

அப்புறம்தான் மனசாட்சி குத்தியது. மாத்திரையை விழுங்கிக்கொண்டே கர்த்தர் சுகப்படுத்தினார் என்று சொன்னால் பாதிப் பொய் அல்லவா? சாட்சியில் பொய் கலப்பது எங்களுக்குப் பெரிய பயம். அதனால் சாட்சியைத் திருத்தாமல் மாத்திரையை நிறுத்தினேன். இப்படியொரு புத்திசாலித்தனம் எங்கள் சபைக்காரிக்கு மட்டும்தான் வரும்.

பண்டிகை அன்று காலை கை நடுங்கிப் பொத்தானைப் போட முடியவில்லை. தலையைத் திருப்பினால் உள்ளே சுரீர் சுரீர் என்றது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "என்னடி, எலி புகுந்த மாதிரி ஓடுற?" என்று யாக்கோவ் கேட்டார். "பேசணுமே, அதான்" என்று எரிந்து விழுந்தேன்.

மேடையில் பூசணி, முட்டைக்கோஸ், சூரியகாந்தி, நடுவில் பெரிய ரொட்டி. சுரங்கத்துச் சகோதரர்கள் வழக்கம்போல ஒரு பாளம் நிலக்கரியும் வைத்திருந்தார்கள். நான் கோட்டைக் கழற்றி மாட்டும்போது நேல்யா என் முழங்கையைப் பிடித்தாள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற பெண், எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவாள்.

"அக்கா, உங்க சாட்சியக் கேக்கணும்னுதான் இன்னிக்கு வந்தேன்."

"எல்லாரும் சொல்றதுதானே."

"இல்லக்கா. எனக்கும் உங்களுக்கு வந்த மாதிரிதான். டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு மாத்திரை இல்லாமலே சரியாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு ஆச்சுன்னா எனக்கும் ஆகும்ல?"

பதில் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. இந்தப் பெண் என் பேச்சைக் கேட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தால்? மூன்று மாதம் நான் கிடந்த இடம் எனக்குத் தெரியும். அங்கிருந்து எல்லோரும் திரும்பி வருவதில்லை.

போதகர் என் பெயரைக் கூப்பிட்டார். எழுதி வைத்திருந்த காகிதம் பையிலேயே கிடந்தது.

"எனக்காக ஜெபிச்சவங்களுக்கு நன்றி" என்றேன். "கர்த்தர் என்னை எழுப்பினார், உண்மைதான். டாக்டர் சௌலேயை வச்சு எழுப்பினார். மாத்திரையை வச்சு எழுப்பினார். இதைச் சொல்ல வெக்கப்பட்டு, பன்னெண்டு நாளா மாத்திரையை நிறுத்திட்டேன். இப்போ எனக்கு உடம்பு சரியில்ல. பாருங்க, கை நடுங்குது. என்னைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க. அவ்வளவுதான்."

சாட்சி முடிந்ததும் சபை ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொல்வது எங்கள் வழக்கம். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து யாக்கோவ் மட்டும் எழுந்து நின்று, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அந்த மனுஷன் சபையில் தனியாக வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. போதகர் தரையைப் பார்த்துக்கொண்டு பாடகர் குழுவுக்குக் கை காட்டினார்.

நான் முற்றத்துக்கு ஓடிவந்து டாக்டருக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டிருக்கும்போதே நேல்யா பின்னாலேயே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் எதைக் கேக்க வந்தேன், நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னேன்."

"உங்க உண்மையை யார் கேட்டா? இனி காலம் பூரா முழுங்கணுமா நான்?"

"எனக்குத் தெரியாது நேல்யா. எனக்கே தெரியாது."

அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நியாயமான அடி. அதற்குள் டாக்டர் எடுத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கத்தினார். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? தூக்கம் வருதா? தப்பான எண்ணம் ஏதாவது வருதா? வீட்ல யார் கூட இருக்கா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொன்னார்.

நேல்யா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கோபமெல்லாம் வடிந்திருந்தது.

"வச்சிடாதீங்கக்கா" என்றாள். "என்னைப் பத்தியும் கேளுங்க. நீங்க சாட்சி சொல்றீங்கன்னு போதகர் அறிவிச்சாருல்ல, அன்னிக்கே நான் எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன்."

நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.